டவரா யாருக்கு? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பிட்ஸ்பர்க் குளிரைப் பற்றி எழுதப்போய், நடுவில் எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் தொங்கும் ஃபுட்பால் தாளைப் பற்றி நாலு வரி சேர்த்துவிட்டேன். குளிரைப் பற்றி ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. வந்த கடிதமெல்லாம் அந்தத் தாளைப் பற்றித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதுவே.

ஃபுட்பால் என்கிறீர்கள். டிவியில் பார்த்தால் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இதில் நீங்கள் வீட்டில் நடத்துகிற போட்டி என்ன? – விருதுநகர் வாசகர்

நான் முதல்முதலில் கேட்டதும் இதே கேள்விதான். பந்து தேங்காய் மாதிரி இருக்கும், காலால் உதைப்பது எப்போதாவதுதான். நாலு முயற்சிக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு முயற்சி கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிராளிக்கு. கோட்டைத் தாண்டிக் கொண்டுபோனால் டச் டவுன், ஆறு பாயின்ட். கம்பத்துக்கு நடுவே உதைத்தால் ஃபீல்டு கோல், மூன்று பாயின்ட். எங்கள் போட்டிக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். என் தம்பிக்கு இதுகூடத் தெரியாது. அவன்தான் அதிகமாக ஜெயிக்கிறான். அந்த வயிற்றெரிச்சலைப் பிறகு சொல்கிறேன்.

என்எஃப்எல் என்கிற இந்த அமெரிக்க ஃபுட்பால் போட்டியில் மொத்தம் 32 அணிகள். ஒரு சீசன் 18 வாரம், ஒவ்வொரு அணிக்கும் 17 ஆட்டம், ஆக மொத்தம் 272 ஆட்டம். செவ்வாய்க்கிழமை ராத்திரி மாப்பிள்ளை அந்த வார ஆட்டங்களை அச்சடித்து ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டுவார். அணிகளுக்கு நடுவில் ஒரு வாரம் ஓய்வு உண்டு என்பதால் சில வாரம் 13, சில வாரம் 16 ஆட்டம். எது ஜெயிக்கும் என்று நினைக்கிறோமோ அதன் பெயரைச் சுற்றி வட்டம் போட வேண்டும். இதற்கு எங்கள் வீட்டில் ‘பிக் போடுவது’ என்று பெயர். சரியாக இருந்தால் ஒரு மார்க். வியாழக்கிழமை ராத்திரி எட்டேகாலுக்கு முதல் ஆட்டம் தொடங்கும். அதற்குள் போடாதவர்களுக்கு அந்த வாரம் முழுக்க முட்டை.

ஆடுகிறவர்கள் ஒன்பது பேர். மகள், இந்த ஊர்க்காரரான மாப்பிள்ளை, ஏழாவது படிக்கிற பேத்தி, சம்பந்தி, சம்பந்தியம்மா, கிளீவ்லாந்தில் இருக்கும் அந்த அம்மாவின் தம்பி, வாட்ஸ்அப் வழியாகத் திருச்சியில் என் தம்பி, கும்பகோணத்தில் என் நாத்தனார், அப்புறம் நான். சம்பந்தி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தன் பிள்ளை பள்ளிக்கூடம் போன நாளில் ஆரம்பித்த போட்டி இது. 2016-ல் நான் வந்து சேர்ந்ததும், இந்த அம்மா கணக்கு டீச்சராச்சே என்று நோட்டை என் கையில் கொடுத்துவிட்டார். மார்க் போடுகிறவளே பரீட்சையும் எழுதலாமா என்று தம்பி வருஷா வருஷம் கேட்கிறான். எழுதுவேன். இதுவரை ஒரு சீசன்கூட ஜெயிக்காதவள் மேல் என்ன சந்தேகம்?

பணம் உண்டா? என் பையன் செல்போனில் கிரிக்கெட் பந்தயம் கட்டி நாற்பதாயிரம் தொலைத்தான். ஜோசியம் சொல்கிற ஆட்டம் எதுவானாலும் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. – கோயம்புத்தூர் வாசகி

ஒரு பைசா கிடையாதம்மா. பரிசு ஒரு பித்தளை டவரா செட். கும்பகோணத்தில் வாங்கி, சேலைக்கு நடுவில் சுருட்டிக்கொண்டு வந்தது. போன வாரம் அதிக மார்க் வாங்கியவருக்கு இந்த ஞாயிற்றுக்கிழமை அதில்தான் காபி. அவர் மட்டும்தான் அதைத் தொடலாம். பால் விடாத கறுப்புக் காபியே குடித்துப் பழகிய சம்பந்தி, முதல் தடவை ஜெயித்தபோது என் காபியை மருந்து மாதிரி விழுங்கினார். இப்போது ஜெயிக்காத வாரங்களில் முகம் தொங்கிப் போகிறது. தம்பியோ நாத்தனாரோ ஜெயித்தால் டவராவில் காபி ஊற்றிப் போட்டோ எடுத்து அனுப்புவேன். “நுரை பத்தவில்லை” என்று கும்பகோணத்திலிருந்து பதில் வரும்.

உங்கள் பயம் நியாயமானது. 2018 மே மாதம் இங்கே உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு இருந்த மத்தியச் சட்டத் தடையை நீக்கியது. ஒவ்வொரு மாநிலமாகத் திறந்துவிட்டார்கள். இப்போது ஆட்டத்துக்கு நடுவே விளம்பரம் வந்தால் பாதி பந்தய விளம்பரம் மாதிரிதான் தோன்றுகிறது. நம் நாட்டில் 2025-ல் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடுக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள். பேத்தியின் வகுப்புப் பையன் ஒருவன், “உங்கள் வீட்டில் ஜெயித்தால் எவ்வளவு?” என்று கேட்டானாம். “ஒரு காபி” என்றாளாம். “வெறும் காபியா?” என்றானாம். அவன் கேட்ட தோரணையை நினைத்தால் எனக்கும் அடிவயிறு கலங்குகிறது. உங்கள் பையனிடம் முதலில் போனில் இருக்கும் அந்தச் செயலியை அழிக்கச் சொல்லுங்கள். எங்கள் தாளும் பேனாவும் அதற்கு மாற்று என்று சொல்ல மாட்டேன். அது வேறு நோய், இது வேறு பொழுது.

ஆட்டம் தெரியாத தம்பி எப்படி ஜெயிக்கிறார்? இதில் கணக்கு ஏதும் உண்டா? – சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்

உண்டு, அதுதான் வயிற்றெரிச்சல். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பந்தயக்காரர்கள் முன்கூட்டியே ஒரு எண் போடுவார்கள், ‘ஸ்பிரெட்’ என்று பெயர். இந்த அணி அந்த அணியை ஏழு பாயின்ட் வித்தியாசத்தில் அடிக்கும் என்கிற மாதிரி. அந்த எண்ணுக்குப் பின்னால் பணம் இருப்பதால் அதில் சோம்பேறித்தனம் இருக்காது. அவர்கள் ‘ஃபேவரிட்’ என்று சொல்லும் அணி மூன்று ஆட்டத்துக்கு இரண்டு ஆட்டம் என்கிற அளவில் ஜெயித்துவிடும். 15 ஆட்டத் தாளில் யோசிக்காமல் ஃபேவரிட் எல்லாவற்றுக்கும் வட்டம் போட்டால் பத்து மார்க் கையில். தம்பி அதைத்தான் செய்கிறான். ஓய்வு பெற்ற வங்கிக்காரன். ஒரு ஆட்டமும் பார்த்ததில்லை. டால்ஃபின்ஸ் எந்த ஊர் என்று கேட்டால் முழிப்பான்.

நான் அப்படிப் போட மாட்டேன். வைத்தியர் அறிக்கை பார்ப்பேன். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் யாருக்கு முழங்கால், யாருக்கு தோள்பட்டை என்று ஒவ்வொரு அணியும் சொல்லியாக வேண்டும் என்பது விதி. பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக்குக்குக் காயம் என்றால் உடனே என் பேனா எதிர்ப்பக்கம் சாயும். வெள்ளிக்கிழமைச் செய்திக்கு வியாழக்கிழமைத் தாளில் இடமில்லையே என்று மகள் சிரிப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டங்களைப் பகல் ஒரு மணி வரை மாற்றலாம் என்று இரண்டு வருஷத்துக்கு முன் விதியைத் திருத்தினேன். அதை எனக்காகத் திருத்திக்கொண்டேன் என்று இன்னும் பேச்சு.

சொந்த ஊர் மைதானமும் ஒரு கணக்கு. பழைய சீசன்களை எடுத்துக்கொண்டால் சொந்த ஊரில் ஆடுகிற அணி நூற்றுக்கு 55 ஆட்டத்துக்கு மேல் ஜெயித்துக்கொண்டிருந்தது. கூட்டத்தின் சத்தமா, பயணக் களைப்பா என்று சண்டை போட்டுக்கொள்வார்கள். கொரோனா வந்த 2020-ல் மைதானங்கள் காலியாகவோ காலே அரைக்காலோ நிரம்பியோ கிடந்தன. அந்த சீசன் முழுக்க சொந்த ஊர் அணிகளின் கணக்கு: 127 வெற்றி, 128 தோல்வி, ஒரு டை. பள்ளிக்கூடத்தில் நாற்பது வருஷம் சோதனைக் குழு, கட்டுப்பாட்டுக் குழு என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். இவ்வளவு பெரிய சோதனையை யாரும் காசு கொடுத்து நடத்தியிருக்க முடியாது. அந்த வருஷம் சொந்த ஊரை நம்பிப் போட்டவர்கள் எல்லாருக்கும் அடி.

இந்தியாவில் இருப்பவர்கள் எந்த நேரத்தில் பார்ப்பது? – கோவில்பட்டி வாசகர்

இங்கே ஞாயிறு பகல் ஒரு மணி ஆட்டம் உங்களுக்கு ராத்திரி பத்தரை. நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை மாற்றிய பிறகு பதினொன்றரை. ராத்திரி ஆட்டம் உங்களுக்குத் திங்கள் விடியற்காலை. நாத்தனார் பார்ப்பதில்லை. நாலரைக்கு எழுந்து வாசல் தெளிக்கும் முன் போனில் முடிவை மட்டும் பார்க்கிறாள்.

உங்கள் நாத்தனார் சாமி வாகனம் பார்த்து வட்டம் போடுவார் என்று எழுதியிருந்தீர்கள். பலித்ததா? – சேலம் வாசகி

முழுக் கதையும் சொல்லிவிடுகிறேன், அவளும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவள்தான்.

2020 ஊரடங்கில் பொழுது போகாமல் சேர்ந்தாள். அணிகளின் பெயரெல்லாம் மிருகமும் பறவையுமாக இருப்பதைக் கேட்டவுடன் அவளுக்கு வழி கிடைத்துவிட்டது. ஈகிள்ஸ் கருடன், பெருமாள் வாகனம். லயன்ஸ் அம்பாளின் சிங்கம். ரேவன்ஸ் அண்டங்காக்கை, சனீஸ்வரன். பெங்கால்ஸ் புலி, ஐயப்பன். ராம்ஸ் என்றால் கிடா. முருகனுக்கு ஆட்டுக்கிடா வாகனமும் உண்டே. பிராங்கோஸ், கோல்ட்ஸ் இரண்டும் குதிரை. வாகனம் இருக்கிற அணிக்கு வட்டம். இரண்டு பக்கமும் வாகனம் இல்லையென்றால் சொந்த ஊர்.

நாங்கள் சிரித்தோம். 2024 சீசன் வந்தது. சிங்கம் 15 வெற்றி 2 தோல்வி. கருடன் 14 – 3. காக்கை 12 – 5. கிடா 10 – 7, ஒரு குதிரை 10 – 7, புலி 9 – 8. இன்னொரு குதிரைதான் நொண்டியது, 8 – 9. டிசம்பர் முதல் தேதி கருடனுக்கும் காக்கைக்குமே ஆட்டம். என்னடி செய்யப் போகிறாய் என்று போன் போட்டுக் கேட்டேன். “பெருமாளா சனியா, இதில் கேள்வி என்ன மன்னி?” என்றாள். கருடன் 24, காக்கை 19.

அந்த சீசனில் அவள்தான் முதல் பரிசு வாங்கியிருக்க வேண்டும். கெடுத்தது பஃபலோ பில்ஸ். பெயரில் மிருகம் இல்லை, ஆனால் தலைக்கவசத்தில் பாய்கிற காட்டெருமைப் படம். பேத்தி அந்தப் படத்தை அனுப்பி, “இதற்கு சாமி உண்டா அத்தைப் பாட்டி?” என்று கேட்டுவிட்டாள். எருமை என்றால் எமன். “எமனுக்கெல்லாம் நான் வட்டம் போட மாட்டேன்” என்று சொல்லி, 17 ஆட்டத்திலும் எதிர்ப்பக்கம் போட்டாள். பில்ஸ் 13 ஜெயித்தது. எமன் பக்கம் நின்றிருந்தால் 13 மார்க், நிற்காததால் 4. ஒன்பது மார்க் போச்சு. தம்பியிடம் ஏழு மார்க்கில் தோற்றாள். நோட்டைக் காட்டி விளக்கினேன். “போகட்டும் மன்னி, எழுபது வயசுக்கு மேல் எமனிடம் எதுக்கு முகத்தைக் காட்டணும்” என்றாள்.

அந்த வருஷ முதல் வாரத்தில் பேத்திக்கும் ஒரு அடி விழுந்தது. ‘சர்வைவர்’ என்று இதில் ஒரு வகை உண்டு. வாரத்துக்கு ஒரே ஒரு அணிதான் சொல்ல வேண்டும், சொன்னதைத் திரும்பச் சொல்லக்கூடாது, தப்பினால் அன்றோடு வெளியே. சிநேகிதிகளோடு ஆரம்பித்தாள். யாரைக் கேட்டாலும் பெங்கால்ஸ் சொந்த ஊரில் பேட்ரியாட்ஸைத் துவைத்து எடுத்துவிடும் என்றார்கள். பேட்ரியாட்ஸ் 16, பெங்கால்ஸ் 10. பதினேழு வாரம் மிச்சமிருக்கும்போது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலரைக்கே அவள் ஆட்டம் முடிந்தது. புலியை நம்பின அத்தைப் பாட்டியிடம் போனில் அழுதாள். ஐயப்பனுக்கு மாலை போடாத மாதம் என்று சமாதானம் வந்தது.

ஐபிஎல்லுக்கு இதை வீட்டில் நடத்தலாமா? என்ன விதி வைப்பது? – திருநெல்வேலி வாசகர்

தாராளமாக. ஆனால் அங்கே நாளுக்கு ஒரு ஆட்டம், இரண்டு ஆட்டம் என்று நீள்வதால் தினமும் கேட்டால் சலித்துவிடும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அந்த வாரம் முழுவதற்கும் போட்டுவிடுங்கள். வெற்றிக்கு ஒரு மார்க் போதும். நாங்கள் ஒரு சீசன் நிச்சயத்துக்கேற்ற மார்க் என்று வைத்துப் பார்த்தோம். ரொம்ப உறுதியான ஆட்டத்துக்கு 16, அதற்கடுத்து 15, சந்தேகமானதற்கு 1. கணக்கு டீச்சருக்கு அழகான விதி. சம்பந்தி வாராவாரம் எங்கள் ஊர் அணியான ஸ்டீலர்ஸுக்கு நேரே 16 என்று எழுதினார், யாரோடு ஆடினாலும். எட்டாவது வாரம் விதியைக் கைவிட்டேன்.

மழை வந்து ஆட்டம் ரத்தானால் என்ன செய்வது என்பதை மட்டும் முதல் வாரமே எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். ஏன் சொல்கிறேன் என்பது அடுத்த பதிலில்.

சண்டை வருமா? – மதுரை வாசகர்
நம்ம அணி தோற்கும் என்று தெரிந்தால் எதிரணிக்கு வட்டம் போடலாமா? மனசு வருமா? – தூத்துக்குடி வாசகி

இரண்டு கேள்விக்கும் ஒரே பதில், அதனால் சேர்த்துவிட்டேன்.

நான் போடுவேன். 2024 டிசம்பரில் ஸ்டீலர்ஸ் ஃபிலடெல்ஃபியாவுக்குப் போனபோது ஈகிள்ஸுக்குத்தான் வட்டம் போட்டேன். 27 – 13, மார்க் கிடைத்தது. ஃபிரிட்ஜ் பக்கம் தண்ணீர் குடிக்க வந்த சம்பந்தி என் வரிசையைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கு இட்லி வேண்டாம் என்றுவிட்டார். அவர் ஈகிள்ஸ், ரேவன்ஸ், சீஃப்ஸ், பெங்கால்ஸ் என்று வரிசையாக நாலு ஆட்டம் ஸ்டீலர்ஸுக்கே போட்டு நாலும் இழந்தார்.

அவருக்கு ஒரு காரணம் இருக்கிறது. 1972 டிசம்பர் 23. ஸ்டீலர்ஸும் ரெய்டர்ஸும். அந்தக் காலத்தில் சொந்த ஊர் ஆட்டத்தை உள்ளூர் டிவியில் காட்ட மாட்டார்கள், ரேடியோதான். 7 – 6 என்று ரெய்டர்ஸ் முன்னால். மிச்சம் 22 நொடி, கடைசி முயற்சி. இவர் அப்பா “போச்சு” என்று சொல்லி ரேடியோவை அணைத்துவிட்டார். இவருக்கு வயது 12. ஒரு நிமிஷம் கழித்துத் தெரு முழுக்கக் கூச்சல். எறிந்த பந்து மோதித் தெறித்து, தரையில் விழுவதற்குள் ஸ்டீலர்ஸின் ஃபிராங்கோ ஹாரிஸ் குனிந்து எடுத்துக் கடைசி வரை ஓடியிருக்கிறார். 13 – 7. இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே பெரிய நிகழ்ச்சி என்கிறார்கள். அதைக் கேட்காமல் விட்ட வீடு இவர் வீடு. அன்றிலிருந்து இவர் ரேடியோவையும் அணைப்பதில்லை, எதிர்ப்பக்கம் வட்டமும் போடுவதில்லை.

ஆனால் நான் டீச்சர், கணக்கு பார்க்காமல் இருக்க மாட்டேன். 2003-க்குப் பிறகு ஸ்டீலர்ஸ் ஜெயித்ததைவிட அதிகமாகத் தோற்ற சீசன் ஒன்றுகூட இல்லை. கண்ணை மூடிக்கொண்டு போட்டாலும் பாதிக்குக் குறையாது. இந்த விசுவாசத்தால் அவருக்கு வருஷத்துக்கு இரண்டு மூன்று மார்க்தான் நஷ்டம். விசுவாசம் என்றால் என்ன என்று பார்க்க வேண்டுமானால் அவர் மைத்துனரைப் பார்க்க வேண்டும்.

அந்த மனிதர் கிளீவ்லாந்து பிரவுன்ஸ் ரசிகர். இங்கிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான், ஆனால் இரண்டு ஊருக்கும் ஆகாது. 2016-ல் நான் நோட்டைக் கையில் வாங்கியபோது, அவர் வரிசையில் வாரம் தவறாமல் பிரவுன்ஸுக்கு வட்டம், வாரம் தவறாமல் என் சிவப்பு மையில் பெருக்கல் குறி. பதினாலு ஆட்டம் பதினாலு தப்பு. டிசம்பர் 24, கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள், எல்லாரும் சம்பந்தி வீட்டில். சாண் டியேகோ சார்ஜர்ஸோடு ஆட்டம். எட்டுப் பேர் சார்ஜர்ஸ் என்று போட்டிருந்தோம். அப்போது நாத்தனார் இல்லை. அந்த இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை இருந்தார். 20 – 17 என்று பிரவுன்ஸ் முன்னால் இருக்க, கடைசி நொடியில் சார்ஜர்ஸ் சமன் செய்ய உதைத்த ஃபீல்டு கோல் விலகிப் போனது. மனிதர் கத்துவார் என்று பார்த்தேன். என் பக்கம் திரும்பி, “நோட்டு எடுத்து வந்தீர்களா?” என்று கேட்டார். எடுத்துக்கொண்டு போகவில்லை. காகித நாப்கினில் ஒரு ‘சரி’ குறி போட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அதோடு சரி. 2017 முழுக்க பிரவுன்ஸ் 16 ஆட்டம், 16 தோல்வி. கடைசி ஆட்டம் டிசம்பர் 31, எங்கள் ஊரிலேயே, ஸ்டீலர்ஸோடு. ஸ்டீலர்ஸ் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்திருந்ததால் இன்றைக்காவது ஜெயித்துவிடுவார்கள் என்று மாப்பிள்ளையே சொன்னார். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் 28 – 24, பந்து பிரவுன்ஸ் கையில், கடைசி முயற்சி. எறிந்த பந்து நேராகப் போய் ஆள் கையில் விழுந்தது, கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. சோபாவில் பக்கத்துப் பக்கத்தில் மாமனும் மைத்துனனும். அந்த வாரம் டவரா சம்பந்தியுடையது. ஜெயித்த அணிக்காரர், ஆனால் ஸ்டீலர்ஸ் ரசிகர்கள் ஜெயித்தால் சுற்றுகிற மஞ்சள் துண்டைச் சுற்றவில்லை. மடியில் வைத்திருந்த டவராவை மைத்துனர் பக்கம் நகர்த்தினார். ஜெயித்தவர் மட்டுமே தொடலாம் என்ற விதியை எழுதியவள் நான். எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன்.

இப்போது சண்டைக்கு வருகிறேன். சம்பந்தி காலத்து விதி, டை ஆனால் எல்லாருக்கும் முட்டை. 2016-ல் இரண்டு டை வந்தது, முட்டை போட்டேன், யாரும் வாய் திறக்கவில்லை. 2018 செப்டம்பர் 9, சீசனின் முதல் ஞாயிறு, கிளீவ்லாந்தில் மழை. மறுபடி பிரவுன்ஸ், ஸ்டீலர்ஸ். 21 – 7 என்று ஸ்டீலர்ஸ் முன்னால் இருந்ததை பிரவுன்ஸ் துரத்திப் பிடித்து 21 – 21. பத்து நிமிஷ ஓவர்டைம். இவர்கள் உதைத்தது விலகியது. ஒன்பது நொடி இருக்கும்போது அவர்கள் உதைத்ததை ஸ்டீலர்ஸின் டி.ஜே.வாட் கையை நீட்டித் தடுத்தார். முடிந்தது, டை.

கால் மணி நேரத்தில் கிளீவ்லாந்திலிருந்து போன். “டீச்சர், எங்கள் அணி இன்று தோற்கவில்லை” என்றார். தெரியும் என்றேன். “பதினேழு ஆட்டம் வரிசையாகத் தோற்று, இன்று தோற்கவில்லை. அதற்கும் முட்டையா?” ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த சம்பந்தி, விதி விதிதான், டைக்கு முட்டை என்றார். மைத்துனர், அப்படியானால் போட்டி நடத்துகிறவர்களே அட்டவணையில் டையை அரை வெற்றியாகத்தானே வைக்கிறார்கள் என்றார். சம்பந்தியம்மா தம்பி பக்கம். மாப்பிள்ளை அப்பா பக்கம். மகள் இருவர் பக்கமும் பேசிப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள். சண்டை புதன்கிழமை வரை ஓடியது. திருச்சியிலிருந்து தம்பி, “சீசன் நடுவில் விதியை மாற்றினால் ஆடிட்டில் மாட்டுவாய் அக்கா” என்று செய்தி அனுப்பினான்.

அரை மார்க்குக்காக என் முன்னால் அழுத பிள்ளைகள் எத்தனையோ பேர். நாற்பது வருஷத்தில் நான் யாருக்கும் இறங்கிக் கொடுத்ததில்லை. புதன்கிழமை ராத்திரி நோட்டை எடுத்தேன். டை என்றால் இரு பக்கத்துக்காரர்களுக்கும் அரை மார்க் என்று முதல் பக்கத்தில் எழுதித் தேதி போட்டேன். (இதே விதியை வைத்துக்கொண்டு 2021-ல் டெட்ராய்ட் லயன்ஸ் ஸ்டீலர்ஸோடு 16 – 16 ஆனபோது, எட்டு ஆட்டமும் தோற்ற சிங்கம் தோற்காமல் திரும்பியதே ஜெயித்த மாதிரிதான், முழு மார்க் வேண்டும் என்று நாத்தனார் மூன்று நாள் பேசாமல் இருந்தாள். கொடுக்கவில்லை.)

சம்பந்திக்கு நேரே அரை, எனக்கு நேரே அரை, எல்லாருக்கும் அரை. கடைசியாக மைத்துனர் வரிசை. பெருக்கல் குறி போட்டுப் போட்டே பழகிய கை, சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு நீலப் பேனா எடுத்தேன். போட்டோ எடுத்து அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: “பக்கம் முழுவதும் தெரிகிற மாதிரி இன்னொன்று எடுத்து அனுப்ப முடியுமா டீச்சர்?”